கேட்டவர் நாற்பது... கேட்டதாகச் சொல்பவர் நாலாயிரம்!

டிக்கெட் ஐம்பது பென்ஸ். அதாவது அரை பவுண்டு. இடம்: இங்கிலாந்து, மான்செஸ்டர், பீட்டர் தெரு, ஃப்ரீ டிரேட் ஹாலின் மாடியில் இருந்த குட்டி ஹால். நாள்: 1976 ஜூன் 4, வெள்ளிக்கிழமை. கச்சேரி: செக்ஸ் பிஸ்டல்ஸ் என்கிற லண்டன் கோஷ்டி. (பெயரைப் பார்த்துவிட்டு அவசரமாகப் பக்கத்தைத் திருப்பாதீர்கள். விஷயம் சுத்த சைவம்.)

வந்த கூட்டம்? சுமார் நாற்பது பேர். இருபத்தெட்டுதான் என்று சாதிப்பவர்களும் உண்டு. இந்தக் கதையை வைத்து 2002-ல் எடுத்த '24 ஹவர் பார்ட்டி பீப்பிள்' படத்தில் 42 என்கிறார்கள். நாம் நாற்பது என்றே வைத்துக்கொள்வோம், வகுக்க வசதி.

நான் பி.காம்., ஆகவே எனக்கு முதலில் தோன்றுவது கணக்குதான். நாற்பது பேர், தலைக்கு ஐம்பது பென்ஸ். மொத்த வசூல் இருபது பவுண்டு. லண்டனிலிருந்து முந்நூறு கிலோமீட்டருக்கு மேல் வண்டி கட்டிக்கொண்டு வந்து, ஆம்ப்ளிஃபயரைத் தூக்கி மாடி ஏற்றி, கத்தி, வியர்த்து, மறுபடி இறக்கியதற்கு. எங்கள் ஊர்த் திருவிழாவில் பலூன் சுடுகிற கடைக்காரர் இதைவிட நல்ல பேலன்ஸ் ஷீட் காட்டுவார்.

ஆனால் பாருங்கள், இன்றைக்கு மான்செஸ்டரில் ஒரு குறிப்பிட்ட வயதுக்கு மேற்பட்ட யாரைக் கேட்டாலும், "அன்னிக்கு நான் அங்கே இருந்தேன்" என்கிறார்களாம். கோவையில் எம்.ஜி.ஆர். சென்ட்ரல் ஸ்டூடியோவில் நடித்துக்கொண்டிருந்த நாட்களில் எங்க வீட்டில்தான் இட்லி சாப்பிட்டார் என்று சொல்லும் குடும்பங்களை நான் எண்ணியிருக்கிறேன். அத்தனையும் நிஜமென்றால் அவர் தினம் இருநூறு இட்லி சாப்பிட்டிருக்க வேண்டும். அந்த மாதிரி. இந்தப் புளுகைப் பிரித்து மேய்வதற்கென்றே டேவிட் நோலன் என்ற பத்திரிகையாளர் ஒரு புத்தகம் எழுதினார். அதன் தலைப்பே 'சத்தியமாக நான் அங்கே இருந்தேன்' என்கிற அர்த்தத்தில் வரும்.

நான் அங்கே இல்லை. அப்போது பிறக்கவே இல்லை. ஆனால் அந்த இடத்தைப் பார்த்துவிட்டு வந்தேன். அதைத்தான் சொல்லப் போகிறேன்.

சின்ன வயதிலிருந்து 'தென்னிந்தியாவின் மான்செஸ்டர்' என்று பள்ளிக்கூடத்தில் சொல்லிக்கொடுத்து வளர்த்தவர்கள் நாங்கள். 1888-ல் ஸ்டேன்ஸ் துரை முதல் பஞ்சாலை வைத்த நாளிலிருந்து கோயமுத்தூருக்கு அந்தப் பட்டம். எனவே வடஇந்தியாவுக்கும் போகாத நான் ஒரிஜினல் மான்செஸ்டருக்குப் போவதென்றதும், சம்பந்தி வீட்டுக்குப் போகிற மாதிரி ஒரு உரிமையோடுதான் போனேன். போய் இறங்கினால், ஒரு மில் ஓடவில்லை. ஆன்கோட்ஸ் என்ற பேட்டையில் செங்கல் செங்கலாகப் பிரமாண்டமான ஆலைக் கட்டடங்கள் வரிசையாக நிற்கின்றன. உள்ளே ஃபிளாட்கள். ஜன்னலில் பூத்தொட்டி. நூல் நூற்ற இடத்தில் லேப்டாப் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார்கள். கடைத்தெருவில் ஒரு காட்டன் சட்டையை எடுத்து லேபிளைத் திருப்பினேன். மேட் இன் பங்களாதேஷ். பேசாமல் மாட்டிவிட்டு வந்துவிட்டேன். ரெண்டு மான்செஸ்டருக்கும் ஒரே ஜாதகம்.

அங்கே இருப்பது என் பெரியம்மா மகன். அண்ணன் கம்ப்யூட்டர் வேலையில் இருபது வருஷமாக அங்கே. பெரியப்பா எங்கள் ஊரில் மில் தொழிலாளி. அண்ணன் பிளஸ் டூ படிக்கிற வருஷம் மில்லை மூடினார்கள். கேட்டுக்கு வெளியே ஆறு மாசம் பந்தல் போட்டு உட்கார்ந்திருந்தார் பெரியப்பா. அண்ணன் ஸ்கூல் விட்டதும் தூக்குப்போசியில் சாப்பாடு கொண்டுபோவார். இது இங்கே எதற்கு என்று கேட்காதீர்கள், பின்னால் வேண்டும்.

முதலில் பீட்டர் தெரு.

மஞ்சள் டிராமில் செயின்ட் பீட்டர்ஸ் ஸ்கொயர் வந்து இறங்கினால், நம்ம ஊர் கேஸ் சிலிண்டரைப் பெரிதாக்கிக் கவிழ்த்த மாதிரி வட்டமாக ஒரு லைப்ரரி. அதைத் தாண்டி இரண்டு நிமிஷ நடை. மழை. மான்செஸ்டர் மழையைப் பற்றி ஒரு வார்த்தை. நம்ம ஊரில் மழை பெய்யும், நிற்கும். அங்கே அது ஆபீஸ் வேலை மாதிரி, வேகம் இல்லை, ஆனால் நிற்பதும் இல்லை.

ஃப்ரீ டிரேட் ஹால் என்ற பெயரைக் கேட்டதுமே எனக்கு செகண்ட் இயர் எகனாமிக்ஸ் பேப்பர் ஞாபகம் வந்துவிட்டது. தானியச் சட்டங்கள்! வெளிநாட்டுத் தானியத்துக்கு வரி போட்டு நிலச்சுவான்தார்களைக் காப்பாற்றிய சட்டத்தை எதிர்த்து காப்டன், பிரைட் என்று இரண்டு பேர் இந்த ஊரிலிருந்து சண்டை போட்டு, 1846-ல் அதை ஒழித்தார்கள் அல்லவா? (ஐந்து மார்க் கேள்வி. மறந்திருந்தால் பரவாயில்லை.) அந்த வெற்றிக்கு ஞாபகச் சின்னமாக 1853-க்கும் 1856-க்கும் நடுவில் கட்டிய மண்டபம் இது. ஊரூராய்க் கோயிலுக்கும் ராஜாவுக்கும் மண்டபம் கட்டிய உலகத்தில், ஒரு பொருளாதாரக் கொள்கைக்கு மண்டபம் கட்டியவர்கள் இவர்களாகத்தான் இருக்கும். அந்த 'சுதந்திர வாணிப'த்தில் சுதந்திரம் யாருக்கு, வாணிபம் யாருக்கு என்று அந்தக் காலத்து நம் கைத்தறி நெசவாளியைக் கேட்டிருந்தால் வேறு பதில் வந்திருக்கும். அதே மான்செஸ்டரில் கதீட்ரல் வாசலில் 2019-லிருந்து காந்தி சிலை நிற்கிறது. 1931-ல் அவர் இந்த லங்காஷயர் வட்டாரத்துக்கு வந்தபோது, அவருடைய அந்நியத் துணி பகிஷ்காரத்தால் வேலை இழந்த மில் தொழிலாளர்களே கூடி நின்று அவருக்கு உற்சாகமாகக் குரல் கொடுத்தார்கள். மில் தொழிலாளிக்கு மில் தொழிலாளியின் கஷ்டம் தெரியும் போலிருக்கிறது.

மண்டபம் நிற்கிற மண்ணும் சாமானியமானதல்ல. 1819 ஆகஸ்ட் 16-ம் தேதி, ஓட்டுரிமை கேட்டு சுமார் அறுபதாயிரம் பேர் இங்கே மைதானத்தில் கூடினார்கள். குதிரைப் படையை ஏவிவிட்டார்கள். பதினெட்டுப் பேர் செத்ததாகக் கணக்கு, நூற்றுக்கணக்கில் காயம். வாட்டர்லூ சண்டை நடந்து நாலு வருஷம்தான் ஆகியிருந்ததால், அதை நக்கலடித்து 'பீட்டர்லூ' என்று பெயர் வைத்தார்கள். சுவரில் சிவப்பாக ஒரு பலகை இருக்கிறது. முன்பு இருந்த நீலப் பலகை கூட்டம் 'கலைக்கப்பட்டது' என்கிற தோரணையில் மென்று முழுங்கியதாம். ஜனங்கள் சத்தம் போட்டு 2007-ல் மாற்ற வைத்திருக்கிறார்கள்.

ஆக, அறுபதாயிரம் பேர் கூடின மைதானம், அதில் ஒரு மண்டபம், அந்த மண்டபத்தின் மாடியில் நாற்பது பேர் கேட்ட கச்சேரி. இரண்டும் ஒரே இடம்.

நடுவில் 1940 டிசம்பரில் ஜெர்மன் குண்டு விழுந்து ஹால் எரிந்தது. சுவர்களை வைத்துக்கொண்டு உள்ளே புதுசாகக் கட்டி 1951-ல் திறந்தார்கள். 1996 வரை ஹாலே என்ற பெரிய சங்கீதக் குழுவுக்கு இதுதான் வீடு. 1966 மே 17-ல் பாப் டிலன் இங்கேதான் எலெக்ட்ரிக் கிடாரை மாட்டிக்கொண்டு வர, அதைப் பொறுக்காத ஒரு ரசிகர் "யூதாஸ்!" என்று கத்தினார். நம்ம சபாவில் முன்வரிசை மாமா, பாடகர் மைக்கைக் கிட்ட வைத்தாலே முகம் சுளிப்பார், அவருடைய வெள்ளைக்கார வாரிசு. வேடிக்கை என்னவென்றால், அந்தக் கச்சேரியின் திருட்டு ரெக்கார்டு முப்பது வருஷம் 'லண்டன் ராயல் ஆல்பர்ட் ஹால்' என்று தப்பான விலாசத்தோடு உலகமெல்லாம் சுற்றியது. 1998-ல்தான் முறையாக வெளியிட்டார்கள். மான்செஸ்டர்காரர்கள் இன்னும் அதை மன்னிக்கவில்லை.

இதெல்லாம் கீழே, பெரிய ஹாலில். நம்முடைய நாற்பது பேர் மாடியில்.

ஏற்பாடு செய்தவர்கள் இரண்டு மாணவர்கள். பக்கத்து ஊர் போல்ட்டனில் படித்துக்கொண்டிருந்த ஹோவர்ட் டெவோட்டோ, பீட் ஷெல்லி. (இரண்டுமே அவர்களாக வைத்துக்கொண்ட பெயர்கள்.) பத்திரிகையில் செக்ஸ் பிஸ்டல்ஸ் பற்றி ஒரு குட்டி விமர்சனம் படித்துவிட்டு, அதுகளை நேரில் பார்த்தே தீருவதென்று கிளம்பி லண்டன் பக்கம் போய், பார்த்து, மயங்கி, மானேஜர் மால்கம் மெக்லாரனிடம் "எங்க ஊருக்கு வர்றீங்களா?" என்று கேட்டுவிட்டார்கள். அவரும் சரி என்றுவிட்டார். நாமும் எத்தனையோ பேரை "எங்க ஊருக்கு வாங்க" என்று கூப்பிட்டிருக்கிறோம், யாரும் வந்து தொலைத்ததில்லை.

இவர்கள் கோஷ்டியான பஸ்காக்ஸ் முதலில் வாசிப்பதாக ஏற்பாடு. ஆனால் கோஷ்டி தயாராகவில்லை, பேஸ் கிடாருக்கு ஆள் இல்லை. போல்ட்டனிலிருந்து வேறொரு குழுவைப் பிடித்துப் போட்டு ஒப்பேற்றினார்கள். ஷெல்லி வாசலில் டிக்கெட் கிழிக்க உட்கார்ந்தார். கூட்டம் வரவில்லை. மானேஜர் மெக்லாரன் தெருவில் நின்று போகிறவர் வருகிறவரையெல்லாம் "வாங்க சார், வாங்க" என்று நம்ம தீபாவளி ஜவுளிக்கடை மாதிரி கூப்பிட்டுக்கொண்டிருந்தார். அங்கே ஸ்டீவ் டிகிள் என்ற பையன் வேறு யாரையோ சந்திப்பதற்காகக் காத்துக்கொண்டு நின்றான். பேஸ் வாசிப்பான் என்று பேச்சு வந்ததும், இவன்தான் அவர்கள் தேடுகிற ஆள் என்று மெக்லாரன் நினைத்து, உள்ளே தள்ளிக்கொண்டு போய் ஷெல்லி முன்னால் நிறுத்திவிட்டார். ஆறே வாரத்தில், ஜூலை 20-ம் தேதி, பிஸ்டல்ஸ் அதே ஹாலுக்குத் திரும்பி வந்தபோது முன்னால் வாசித்த பஸ்காக்ஸில் அந்தப் பையன் பேஸ் கிடாரோடு நின்றான். ஆள் மாறாட்டத்தில் கல்யாணம் நடப்பதை நம்ம சினிமாவில் பார்த்திருக்கிறேன், பேண்ட் அமைந்தது இங்கேதான்.

அந்த நாற்பதில் யார் யார்? பீட்டர் ஹூக், பெர்னார்ட் சம்னர் என்று இருபது வயதுப் பையன்கள் இருவர். ஹூக் மறுநாளே கடைக்குப் போய் ஒரு பேஸ் கிடார் வாங்கினார். வாசிக்கத் தெரியாது. இவர்கள்தான் பிறகு ஜாய் டிவிஷன், அதற்குப் பிறகு நியூ ஆர்டர். 1983-ல் இவர்கள் போட்ட 'ப்ளூ மண்டே' பன்னிரண்டு அங்குல சிங்கிள் இசைத்தட்டுகளிலேயே அதிகமாக விற்றது. (அதன் உறையை அவ்வளவு ஆடம்பரமாக வெட்டி அச்சடித்ததில், ஒவ்வொரு பிரதி விற்கும்போதும் கம்பெனிக்கு நஷ்டம் என்று ஒரு கதை உண்டு. உண்மையோ பொய்யோ, எங்கள் காஸ்ட் அக்கவுண்டிங் வாத்தியார் கேட்டால் நெஞ்சைப் பிடித்துக்கொள்வார்.) மார்க் ஈ. ஸ்மித் வந்திருந்தார். அந்த வருஷமே தி ஃபால் என்று ஒரு கோஷ்டி ஆரம்பித்து, 2018-ல் சாகிற வரை நிறுத்தவில்லை. பதினேழு வயது மாரிஸ்ஸி வந்து, பார்த்துவிட்டு, பத்திரிகைக்கு வாசகர் கடிதம் எழுதிப் போட்டார். பிறகு தி ஸ்மித்ஸ். ஏற்பாடு செய்த பஸ்காக்ஸோ ஐந்நூறு பவுண்டு கடன் வாங்கி, எந்தக் கம்பெனியையும் கெஞ்சாமல், 1977 ஜனவரியில் தாங்களே ஆயிரம் இசைத்தட்டு அச்சடித்து வெளியிட்டார்கள். விற்றது பதினாறாயிரம். கடனும் அடைந்தது. அந்த ஊரிலும் மற்ற ஊர்களிலும் பையன்களெல்லாம் "அட, நாமே போடலாம் போலிருக்கே" என்று ஆரம்பித்தது அதன் பிறகுதான்.

வசூல் இருபது பவுண்டு என்று முதலில் எழுதினேன் அல்லவா? வரவுப் பத்தியில் இதையெல்லாம் எப்படி எழுதுவது என்று எனக்குக் கல்லூரியில் சொல்லித்தரவில்லை. 'குட்வில்' என்று ஒரு தலைப்பு உண்டு. அதற்குள் அடங்காது.

அந்தப் பையன்கள் சொன்ன காரணம்தான் எனக்கு ரொம்பப் பிடித்தது. பிஸ்டல்ஸ் பிரமாதமாக வாசித்ததால் இல்லையாம். சுமாராக வாசித்ததால்தானாம்! "இவ்வளவுதானா? இதை நானே செய்வேனே" என்று தோன்றியதாம். மகாவித்வானைக் கேட்டால் நாம் கைதட்டிவிட்டு கேன்டீனுக்குப் போகிறோம். சாதா ஆளைக் கேட்டால்தான் நமக்கும் கை பரபரக்கிறது.

சரி, அந்த மாடி ஹால் இப்போது எங்கே? இல்லை. 1997-ல் மாநகராட்சி கட்டடத்தை விற்றது. முன்பக்கத்து அழகான கல் முகப்பை மட்டும் வைத்துக்கொண்டு, பின்னால் இடித்துக் கட்டி, 2004-ல் ஐந்து நட்சத்திர ஓட்டல் ஆகிவிட்டது. குடையைச் சொட்டச் சொட்டப் பிடித்துக்கொண்டு உள்ளே போனேன். வரவேற்பில் ஒரு பெண், ரொம்ப மரியாதை. "1976-ல் மாடியில் ஒரு சின்ன ஹால் இருந்ததே?" என்றேன். "நிறையப் பேர் கேட்கிறார்கள் சார். அது இல்லை. மாடியில் எல்லாம் அறைகள்" என்றாள். "நீங்களும் அன்று வந்திருந்தீர்களா?" என்று கேட்டாளே பார்க்கலாம்! எனக்கு முப்பத்தாறு வயது. தலையில் முடி கொஞ்சம் குறைவு என்பதற்காக இப்படியா? காபி விலை விசாரித்தேன். அந்தக் காசுக்கு 1976-ல் ஒன்பது பேர் கச்சேரி கேட்டிருக்கலாம். வெளியே வந்துவிட்டேன்.

இந்த இடத்தில் ஒரு கணக்கு. பிரிட்டனில் சின்னச் சின்ன இசைக்கூடங்களுக்காக மியூசிக் வென்யூ டிரஸ்ட் என்று ஒரு அமைப்பு இருக்கிறது. 2023-ல் மட்டும் 125 சின்னக் கூடங்கள் கச்சேரியை நிறுத்தின என்று அவர்கள் கணக்கு. அந்த வருஷம் மிச்சம் இருந்தவற்றின் சராசரி லாபம் அரை சதவிகிதம். நூறு ரூபாய்க்கு வியாபாரம் செய்தால் எட்டணா! வாடகை, கரண்டு பில், பக்கத்தில் புதிதாக ஃபிளாட் வாங்கி வந்துவிட்டு "ராத்திரி சத்தம் கேக்குது" என்று மனுப் போடுகிறவர்கள். (கோயிலுக்குப் பக்கத்தில் வீடு வாங்கிவிட்டு மணியை நிறுத்தச் சொல்கிற ஆசாமிகள் எல்லா ஊரிலும் உண்டு.) அதே மான்செஸ்டரில் 2024-ல் இருபத்து மூவாயிரத்து ஐந்நூறு பேர் கொள்கிற ராட்சச அரங்கம் ஒன்றைத் திறந்தார்கள். அதில் பாட நாளைக்கு ஆள் எங்கிருந்து வரும்? ஓயாசிஸ் என்ற மான்செஸ்டர் கோஷ்டி 1993 மே மாசம் கிளாஸ்கோவில் கிங் டட்ஸ் என்ற சின்னக் கூடத்தில், கூப்பிடாமல் போய் நின்று, விரல்விட்டு எண்ணக்கூடிய கூட்டத்துக்கு நாலைந்து பாட்டு வாசித்தது. கேட்டவர்களில் ஒருவர் இசைத்தட்டுக் கம்பெனி முதலாளி ஆலன் மெக்கீ. மூணு வருஷத்தில், 1996-ல், நெப்வொர்த்தில் இரண்டு ராத்திரியில் இரண்டரை லட்சம் பேர்.

இனி அண்ணன் வீட்டு விவகாரம்.

அண்ணன் பையன் அங்கே யூனிவர்சிட்டியில் அக்கவுண்டன்சி இரண்டாம் வருஷம். பேஸ் கிடார் வாசிக்கிறான். நாலு பேர் சேர்ந்து ஒரு பேண்ட். (பெயரை எழுதினால் ஆசிரியர் வெட்டிவிடுவார்.) படிப்பை ஒரு வருஷம் நிறுத்திவிட்டு, பழைய வேன் ஒன்றில் ஊர் ஊராகப் போய் வாசிக்க வேண்டும் என்கிறான். நான் போன சமயத்தில் அப்பாவும் மகனும் பேசிக்கொண்டு பதினைந்து நாள் ஆகியிருந்தது. சாம்பார் வேண்டுமென்றால்கூட அண்ணி வழியாகத்தான்.

மறுநாள் ராத்திரி அவனுக்குக் கச்சேரி. அண்ணி என்னைச் சமையலறைக்குக் கூப்பிட்டார். "தம்பி, நீங்க ஒரு எட்டு போய்ப் பாத்துட்டு வாங்க. வந்து நிறையக் கூட்டம்னு உங்க அண்ணன்கிட்ட சொல்லுங்க."

அரை மணி கழித்து அண்ணன் கராஜுக்குக் கூப்பிட்டார். "போறியாமா. எத்தன பேர்னு எண்ணிட்டு வா. நிஜத்தச் சொல்லு. எத்தன டிக்கெட்டு, எவ்வளவு காசு, எல்லாம்." கொஞ்ச நேரம் ஸ்பானரைத் துடைத்துக்கொண்டிருந்தார். "எங்கப்பா மில்லு என்னிக்கும் ஓடும்னுதான்டா நெனச்சாரு. ஒரு படிப்பு கையில இருக்கட்டும்னு சொல்றது தப்பா?"

தப்பில்லைதான். அந்தத் தூக்குப்போசி எனக்கும் ஞாபகம் இருக்கிறது. ஒரே தணிக்கைக்கு இரண்டு கட்சிக்காரர்கள். ஆடிட்டர்கள் பிழைப்பு எப்படி என்று அன்றுதான் புரிந்தது.

நார்தர்ன் குவார்ட்டர் என்ற பகுதியில், ஒரு பப்பின் நிலவறை. படி இறங்கினால் எண்பது பேர் நிற்கலாம். சுவரெல்லாம் பழைய நோட்டீஸ், தரையெல்லாம் ஷூவைப் பிடித்து இழுக்கிற பிசுக்கு. வாசலில் ஒரு பெண் ஸ்டூல் போட்டு உட்கார்ந்து, ஆறு பவுண்டு வாங்கிக்கொண்டு மணிக்கட்டில் ரப்பர் ஸ்டாம்ப் குத்துகிறாள். ரேஷன் கார்டில் குத்துகிற அதே வேகம். மூன்று கோஷ்டிகள். நம்ம பையன் நடுவில்.

எண்ணினேன். காசு கொடுத்தவர்கள் என்னையும் சேர்த்துப் பதினோரு பேர். மற்ற இரண்டு கோஷ்டி ஆட்கள் எட்டு. மொத்தம் பத்தொன்பது. டிசம்பரில் சென்னை சபாக்களில் மத்தியானம் பன்னிரண்டரை மணி இலவசக் கச்சேரிக்கு இதே கூட்டம்தான் இருக்கும், ஏ.சி.க்காக வந்தவர்களைக் கழிக்காமல். அங்கே என்ன என்றால், பத்தடியில் கேன்டீன், அதில் நூற்றைம்பது பேர். இங்கே வறுத்த உருளைக்கிழங்கு பாக்கெட் மட்டும்.

கூட்டம் குறைந்த கச்சேரியில் ஒரு அவஸ்தை உண்டு. யாரும் முன்னால் போக மாட்டார்கள். மேடைக்கும் ஜனங்களுக்கும் நடுவில் ஒரு பத்தடி வெற்றுத்தரை, புதுமாப்பிள்ளைக்கும் மாமனாருக்கும் நடுவில் இருக்கிற மாதிரி. பாட்டு முடிந்ததும் யார் யார் கைதட்டினார்கள், யார் தட்டவில்லை என்று பாடுகிறவனுக்குத் தனித்தனியாகத் தெரியும். நடுவில் ரீங்காரம் அடங்கினால் பின்னால் ஐஸ் கட்டி கிளாஸில் விழுகிற சத்தம் கேட்கும்.

பையன் வந்து நின்றான். வீட்டில் தலையைக் குனிந்துகொண்டு தோசை சாப்பிடுகிற அதே பையன். கறுப்பு பனியன். டிரம்ஸில் ஒரு சின்னப் பெண், ஒன்று-ரெண்டு-மூணு-நாலு என்று குச்சியைத் தட்டினாள், அவ்வளவுதான். என் விலா எலும்பு ஆடியது. சங்கீதத்தை எடை போட எனக்குத் தகுதி இல்லை. வார்த்தை ஒன்றும் புரியவில்லை. ஆனால் அந்தப் பேஸ் கிடார் கீழே தூண் மாதிரி நின்றது, மற்ற மூன்றும் அதில் சாய்ந்துகொண்டு ஆடின. அதுமட்டும் எனக்கும் தெரிந்தது. எண்பது பேர் இடத்தில் பத்தொன்பது பேர் நிற்கிறார்கள் என்ற சமாச்சாரம் அவனுக்கு யாரும் சொல்லாத மாதிரி வாசித்தான். மூன்றாவது பாட்டில் ஐம்பது வயசு மதிக்கத்தக்க ஒரு அம்மா, மழைக்கோட்டைக் கழற்றி நாற்காலியில் போட்டுவிட்டு, அந்தப் பத்தடித் தரைக்குத் தனியாகப் போய் ஆட ஆரம்பித்தார். பின்னாலேயே ரெண்டு பேர் போனார்கள். பிறகு நாலு. நான் போகவில்லை. எண்ணுகிற வேலை இருந்தது.

முப்பது நிமிஷம். முடிந்ததும் மைக்கில், "எங்க சித்தப்பா கோயமுத்தூர்லேர்ந்து வந்திருக்காங்க" என்று இங்கிலீஷில் சொன்னான். பதினெட்டுப் பேர் திரும்பிப் பார்த்துக் கைதட்டினார்கள். அன்றைக்கு அதிகக் கைதட்டல் வாங்கியது நான்தான்.

கடைசியில் கணக்குப் பார்த்தார்கள். நான் பக்கத்தில் போய் நின்றுகொண்டேன், பழக்கதோஷம். டிக்கெட் பெண் ஒரு துண்டுக் காகிதத்தைக் காட்டினாள். பன்னிரண்டு பேர், எழுபத்திரண்டு பவுண்டு. சவுண்ட் எஞ்சினீயருக்கு ஐம்பது போக மிச்சம் இருபத்திரண்டு. மூன்று கோஷ்டிக்கும் பிரித்தால் ஆளுக்கு... கோஷ்டிக்கு ஏழு பவுண்டு முப்பத்து மூன்று பென்ஸ். அதை நாலு பேருக்கு வகுத்தால் தலைக்கு ஒண்ணே முக்கால் பவுண்டும் சொச்சமும். பஸ் காசு.

ஆனால் எனக்கு இடித்தது அது இல்லை. "பன்னிரண்டு இல்லையே, பதினொன்றுதானே?" என்றேன். நான் இரண்டு தடவை எண்ணியவன். ஒரு டிக்கெட் உதைக்கிறது.

"பன்னிரண்டுதான். ஒருத்தர் லேட்டாக வந்தார். உள்ளே வரவில்லை, படியிலேயே நின்று கேட்டார்" என்றாள்.

படியேறிப் போய்ப் பார்த்தேன். மேல்படியில், ஆபீஸ் கோட்டோடு, மழையில் பாதி நனைந்து அண்ணன் நின்றுகொண்டிருந்தார். மணிக்கட்டில் ரப்பர் ஸ்டாம்ப்.

"பார்க்கிங் கிடைக்கல" என்றார், நான் எதுவும் கேட்காமலேயே.

பையன் கிடார் பெட்டியைத் தூக்கிக்கொண்டு வெளியே வந்தவன், அப்பாவைப் பார்த்து நின்றுவிட்டான். அண்ணன் பெட்டியின் ஒரு பக்கத்தைப் பிடித்துக்கொண்டார். கார் வரைக்கும் இரண்டு பேரும் அதைப் பிணம் தூக்குகிற கவனத்தோடு தூக்கிக்கொண்டு நடந்தார்கள். ஒரு வார்த்தை இல்லை. கார் கிளம்பி நாலு சிக்னல் தாண்டியது. வைப்பர் மட்டும் பேசிக்கொண்டிருந்தது.

ஐந்தாவது சிக்னலில் அண்ணன், "அந்த டிரம்ஸ் புள்ள கொஞ்சம் வேகமாப் போகுதல்ல?" என்றார்.

பின்சீட்டிலிருந்து, "ஆமாப்பா. எல்லா ஷோலயும் அப்படித்தான்."

"சொல்றதுதான?"

"சொன்னா இன்னும் வேகமாப் போவா."

என் செல்போன் அடித்தது. அண்ணி. "தம்பி, கூட்டம் எத்தன பேருங்க?" குரல் காருக்குள் எல்லாருக்கும் கேட்டது.

நான் அண்ணனைப் பார்த்தேன். அவர் ரோட்டைப் பார்த்துக்கொண்டே, "பன்னெண்டு டிக்கெட்டுன்னு சொல்லு" என்றார்.